அந்த நீல நரம்பு நரம்பே இல்லை: உடம்பு தனக்குள் பேசிக்கொள்ளும் விதம்

முன்கையில் நீலமாகப் புடைத்துக்கொண்டு ஓடுகிறதே, அதை நாம் எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். நரம்பில் ஊசி போட்டார்கள் என்கிறோம். கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது என்கிறோம். அது நரம்பே இல்லை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அதற்குச் சிரை என்று பெயர். உண்மையான நரம்பு வெளிறிய நிறத்தில், நூல்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு மாதிரி இருக்கும். பெரும்பாலும் சதைக்கு நடுவே ஆழத்தில் கிடக்கும். முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஷாக் அடித்த மாதிரி இழுக்குமே, அப்போது அடிபட்டது ஒரு நிஜ நரம்பு.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தக் குழப்பம் எனக்குப் பிடித்திருக்கிறது. உடம்பின் ஓர் உறுப்பு தொலைவில் இருக்கும் இன்னோர் உறுப்புக்குச் சேதி அனுப்ப முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நிஜ நரம்பு. மற்றது, நாம் தவறாக நரம்பு என்று அழைக்கும் அதே ரத்தக்குழாய். ஹார்மோன்கள் போவது அதில்தான். பள்ளிப் பாடத்தில் இரண்டும் தனித்தனி அத்தியாயமாக வரும். இரண்டு பட்டியலை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு வந்துவிடுவோம். இரண்டும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் புரிந்தது.

முதலில், சேதி எதற்கு? மனித உடம்பில் ஏறக்குறைய 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்கும் தன்னைச் சுற்றியிருக்கும் ஈரமும் உப்பும் சர்க்கரையும்தான் தெரியும். கால் ஓடுவது கல்லீரலுக்குத் தெரியாது. குடலில் சாப்பாடு இறங்கியது கணையத்துக்குத் தெரியாது. ஆனாலும் நாம் நாலு மாடி ஏறினால் தொடைத் தசைக்குக் கூடுதல் ரத்தம் போகிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு இரைக்கிறது, கல்லீரல் சேமித்துவைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது, குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. இத்தனையும் ஒத்துப்போக வேண்டுமென்றால் யாராவது யாருக்காவது சொல்லியாக வேண்டும்.

சொல்வதில் இரண்டு வகை. ஒருவர் பக்கத்தில் போய்க் காதில் சொல்லலாம். அவருக்கு மட்டும் கேட்கும், உடனே கேட்கும், சொன்னதோடு முடிந்துபோகும். அல்லது பெருங்கூட்டத்துக்கு நடுவே ஒரு பெயரைச் சொல்லிக் கூவலாம். எல்லார் காதிலும் விழும், ஆனால் அந்தப் பெயர்க்காரர்கள் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். நரம்பு முதல் வகை. ஹார்மோன் இரண்டாம் வகை. இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்வோம். போகப்போக இந்தக் கோடு அழிவதைப் பார்க்கலாம்.

நரம்பில் ஓடுவது கரண்டா?

நரம்பு என்பது நரம்புச் செல்களின் நீண்ட வால்கள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தது. இந்தச் செல்லை நியூரான் என்பார்கள். மூளையில் மட்டும் சுமார் 8600 கோடி நியூரான்கள். நியூரானுக்கு ஓர் உடல், சேதி வாங்கக் கிளைகிளையாகச் சில கைகள், சேதியை அனுப்ப ஒரு நீண்ட வால். அந்த வாலுக்கு ஆக்ஸான் என்று பெயர். கண்ணுக்கே தெரியாத ஒரு செல், ஆனால் முதுகின் அடியிலிருந்து கால் விரல் வரை ஒரு மீட்டர் நீளத்துக்கு வால் நீட்டியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான்.

இதில் மின்சாரம் ஓடுகிறது என்று படித்திருப்போம். உடனே மனதில் வருவது செப்புக் கம்பி. அது சரியல்ல. கம்பியில் எலெக்ட்ரான்கள் கம்பியின் நீளவாக்கில் ஓடுகின்றன. நரம்பில் நடப்பது வேறு. ஆக்ஸானின் சவ்வுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சவ்வில் பதிந்திருக்கும் ஒரு பம்ப், ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றிவருகிறது. உடம்பின் எடையில் வெறும் 2 சதவீதம் இருக்கும் மூளை, நாம் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் 20 சதவீதத்தைத் தின்பதற்கு இந்தப் பம்ப் ஒரு பெரிய காரணம். சேதி எதுவும் போகாதபோது ஆக்ஸானின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்து நிற்கும். நாண் ஏற்றிய வில் மாதிரி, தயாராக.

தூண்டுதல் வந்ததும் அந்த இடத்தில் சோடியத்துக்கான கதவுகள் திறக்கின்றன. வெளியே காத்திருந்த சோடியம் குபுக்கென்று உள்ளே பாய்கிறது. அந்த ஒரு புள்ளியில் மின்னழுத்தம் தலைகீழாகிறது. அது பக்கத்துக் கதவைத் திறக்கிறது. அது அதற்குப் பக்கத்துக் கதவை. வரிசையாக நிறுத்திய சீட்டுக்கட்டுகள் ஒன்றையொன்று தள்ளி விழுவது போலத்தான், ஆனால் இங்கே விழுந்த சீட்டு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நேரத்துக்குள் தானே எழுந்து நின்றுகொள்கிறது. பொட்டாசியம் வெளியேறி அந்த வேலையைச் செய்கிறது. 1952-இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர் கணவாய் மீனின் தடித்த ஆக்ஸானில் மின்முனையைச் செருகி அளந்து, இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். 1963-இல் நோபல் பரிசு வந்தது.

பல் பிடுங்கும் முன் ஈறில் ஒரு ஊசி போட்டு மரத்துப்போக வைக்கிறார்களே, அந்த மருந்து செய்வது இந்தச் சோடியக் கதவுகளை அடைப்பது மட்டும்தான். பல்லில் நடக்கும் களேபரம் அப்படியே நடக்கிறது. சேதி மட்டும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. சேதிக்குப் பெரியது சிறியது கிடையாது. லேசாகத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஆக்ஸானில் ஓடும் துடிப்பின் அளவு ஒன்றேதான். ஓங்கி அடித்தால் துடிப்புகள் அடிக்கடி வரும், கூடுதல் நரம்புகளிலிருந்தும் வரும். மூளை எண்ணிப் பார்த்துத்தான் வலியின் பலத்தை உணர்ந்துகொள்கிறது.

சரி, எவ்வளவு வேகம்? 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதை அளக்கவே முடியாது என்றுதான் பெரிய ஆட்களே நினைத்தார்கள். உடலியலில் அன்று பெரும் பெயர் பெற்றிருந்த யோஹானஸ் முல்லரும் அப்படி எண்ணியவர். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளையின் கால் நரம்பை ஒரு முனையில் தூண்டினார். தசை சுருங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். பிறகு தசைக்கு நெருக்கமான இடத்தில் தூண்டிப் பார்த்தார். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், நடுவில் இருந்த நரம்பைக் கடக்க ஆன நேரம். நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் என்று வந்தது. ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! நினைத்ததும் நடக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்பதற்கும் செயலுக்கும் நடுவே அளக்கக்கூடிய ஓர் இடைவெளி இருக்கிறது என்பது அன்றைய ஆட்களுக்கு ஜீரணிக்கக் கஷ்டமாக இருந்திருக்கும்.

மனித உடம்பில் எல்லா நரம்புக்கும் ஒரே வேகம் இல்லை. தடித்த, மையலின் என்ற கொழுப்புறை சுற்றிய ஆக்ஸான்களில் துடிப்பு உறையின் இடைவெளிகளில் தாவித்தாவி நொடிக்கு 100 மீட்டருக்கு மேல்கூடப் போகும். உறை இல்லாத மெல்லிய ஆக்ஸான்களில் நொடிக்கு ஒரு மீட்டர்தான், நாம் நடக்கும் வேகம். இதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டதும் முதலில் சுள்ளென்று ஒரு வலி. அப்புறம் ஒரு கணம் ஒன்றுமில்லை. "போச்சு, இப்ப வரப்போகுது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்போம். ஒரு நொடி கழித்து அந்த ஆழமான, எரிச்சலான வலி வந்து சேரும். ஒரே அடிதான், இரண்டு வகை நரம்புகள், இரண்டு வேகம். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இந்த உறையைத் தின்றுவிடுகிறது. பார்வை மங்குவது, கால் தடுமாறுவது எல்லாம் அதனால் வருவது.

சூடான பாத்திரத்தைத் தொட்டதும் கையை இழுத்துக்கொள்வது பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்த முடிவை எடுப்பது தண்டுவடம். மூளை அதை உணர்வது அதற்குப் பின்னால்தான்.

இரண்டு தவளை இதயங்கள்

ஒரு நியூரானின் வால் முடியும் இடத்துக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே சிறிய இடைவெளி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. துடிப்பு அதை எப்படித் தாண்டுகிறது? பொறி பறக்கிற மாதிரி மின்சாரம் தாவுகிறதா, அல்லது ஏதாவது ரசாயனம் கசிகிறதா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பெரிய சண்டை.

1921-இல் ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி என்ற மருந்தியல் பேராசிரியர் இதற்கு விடை கண்டார். அவரே பின்னாளில் சொன்ன கதை இது. ஒரு நள்ளிரவில் கனவில் ஒரு சோதனை தோன்றியது. எழுந்து துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கிவிட்டார். காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தது. இந்தத் தடவை எழுதிவைக்கும் வேலை எல்லாம் வேண்டாமென்று நேராக ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார்.

சோதனை எளிமையானது. இரண்டு தவளைகளின் இதயங்கள், இரண்டும் உப்புக்கரைசலில் துடித்துக்கொண்டிருக்கின்றன. முதல் இதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அது இதயத்தை நிதானமாக்கும் நரம்பு. இதயம் மெதுவானது. அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து இரண்டாம் இதயத்தில் விட்டார். அதற்கும் முதலாவதுக்கும் நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் அதுவும் மெதுவானது. நரம்பு சொன்ன சேதி தண்ணீரில் கரைந்திருந்தது. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின் என்று பின்னால் உறுதியானது. 1936-இல் லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நரம்பு என்பது கடைசி வரை கம்பி அல்ல. அதன் முனையில் ஒரு சின்னக் குப்பி ரசாயனம் இருக்கிறது. துடிப்பு வந்து சேர்ந்ததும் குப்பி கவிழ்கிறது. எதிர்ப்பக்கத்துச் செல்லில் அந்த ரசாயனத்துக்கென்றே அமைந்த ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. (சில இடங்களில் செல்கள் நேரடியாகவே ஒட்டி மின்சாரத்தைக் கடத்துவதும் உண்டு, ஆனால் அது சிறுபான்மை.) ஆக, நரம்பின் கடைசிப் பேச்சும் ரசாயனப் பேச்சுதான். ஹார்மோனும் ஒரு செல் ரசாயனத்தை வெளியேற்ற இன்னொரு செல் அதை ஏற்பியால் பிடித்துக்கொள்ளும் கதைதான். வித்தியாசம் தூரத்தில். ஒன்று ஒரு மயிரிழையைவிட மிகச் சிறிய இடைவெளியைக் கடக்கிறது. மற்றது உடம்பையே சுற்றி வருகிறது.

வேகஸைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. நம் இதயத்தைச் சும்மா விட்டால் அது தன்பாட்டுக்கு நிமிடத்துக்கு 100 தடவை துடிக்கும். ஓய்வில் 70 என்று இருக்கக் காரணம் வேகஸ் எப்போதும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பது. நாம் ஓடத் தொடங்கியதும் உடம்பு முதலில் செய்வது பிரேக்கிலிருந்து காலை எடுப்பது. ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது அதற்கு அப்புறம்தான்.

ரத்தத்தில் போகும் சேதி

1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்று இருவர். உறவில் மைத்துனர்கள். குடலுக்குள் இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு இறங்கியதும் கணையம் தன் செரிமான நீரைச் சுரக்கிறது. இது அன்றே தெரியும். சொல்வது நரம்புதான் என்று ரஷ்யாவில் பாவ்லோவ் என்ற உடலியலாளரின் குழு உறுதியாக நம்பியது. பேலிஸும் ஸ்டார்லிங்கும் மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் குடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அதற்குள் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். கணையம் வழக்கம்போலச் சுரந்தது. அப்படியானால் சேதி ரத்தத்தில்தான் போயிருக்க வேண்டும். குடலின் உட்பூச்சைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி ரத்தக்குழாயில் செலுத்தினார்கள். மறுபடியும் சுரந்தது. அந்தப் பொருளுக்குச் செக்ரட்டின் என்று பெயர் வைத்தார்கள். இம்மாதிரிப் பொருள்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு பெயர் வேண்டுமே என்று 1905-இல் ஸ்டார்லிங் பயன்படுத்திய சொல்தான் ஹார்மோன். தூண்டிவிடுவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

நாம் ஓய்வாக இருக்கும்போது நம் ரத்தம் மொத்தமும், அதாவது சுமார் 5 லிட்டர், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் இதயத்தைக் கடந்து ஒரு சுற்று வந்துவிடுகிறது. அதனால் ஒரு சுரப்பி ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டால், ஒரு நிமிடத்துக்குள் அது உடம்பு முழுக்கப் போயிருக்கும். நரம்போடு பார்த்தால் மெதுவு. ஆனால் இத்தனை லட்சம் கோடிச் செல்களுக்கும் தனித்தனியாக நரம்பு இழுப்பதை யோசித்துப் பாருங்கள்; கட்டுபடியாகாது.

ஹார்மோன்களில் இரண்டு குணம். இன்சுலின், அட்ரினலின் போன்றவை செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. வாசலில் இருக்கும் ஏற்பியைத் தட்டும், உள்ளே வேறு ஆட்கள் வேலையைத் தொடங்குவார்கள். இவற்றின் விளைவு நொடிகளிலோ நிமிடங்களிலோ தெரியும். கார்டிசால், ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோன் எல்லாம் உள்ளேயே போய், எந்த மரபணுவைப் படிக்க வேண்டும், எதை மூடிவைக்க வேண்டும் என்பதிலேயே கைவைக்கும். புதிய புரதங்கள் உருவாக வேண்டும் என்பதால் மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். நிற்கும் காலமும் அப்படித்தான். அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடங்களில் கரைந்துபோகும். தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றிய மருத்துவர் "ஆறு வாரம் கழித்து டெஸ்ட் எடுங்கள்" என்று சொல்வது இதனால்தான். அதற்கு முன் எடுத்தால் பழைய கணக்கும் புதிய கணக்கும் கலந்து வரும்.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். உங்கள் ரத்தம் முழுவதிலும் சேர்த்து இருக்கும் குளுக்கோஸ் எவ்வளவு தெரியுமா? ஒரு டீஸ்பூன். ஐந்து கிராம் அளவுக்குத்தான். ஒரு வேளைச் சாப்பாட்டில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் உள்ளே வருகிறது. இருந்தும் ஆரோக்கியமான உடம்பில் அந்த ஒரு டீஸ்பூன் இரண்டு டீஸ்பூனாகக்கூட ஆவதில்லை. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசையும் கொழுப்பும் கதவைத் திறந்து சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன, கல்லீரல் மூட்டை கட்டி அடுக்குகிறது. பசி நேரத்தில் அதே கணையம் குளுக்ககான் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரந்து மூட்டையைப் பிரிக்கச் சொல்கிறது. மூளை மட்டும் இன்சுலின் அனுமதிக்குக் காத்திராமல் தன் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதற்கு அவ்வளவு செல்லம்.

இந்தச் சேதி நின்றுபோனால் என்ன ஆகும் என்பது 1922 வரை மருத்துவமனைகளில் கண்கூடாகத் தெரிந்தது. முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகள் எலும்பும் தோலுமாகி இறந்துபோவார்கள். 1921-இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் கணையத்திலிருந்து சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. சாறு சுத்தமாக இல்லாததால் சரிப்படவில்லை. காலிப் என்ற வேதியியலாளர் இரவுபகலாக உட்கார்ந்து அதைச் சுத்தப்படுத்தினார். பன்னிரண்டு நாள் கழித்துப் போட்ட ஊசி வேலை செய்தது.

மிதவை

கூவுவது மட்டும் போதாது, எப்போது நிறுத்துவது என்பதும் தெரிய வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் மிதவை பார்த்திருப்பீர்கள். நீர் ஏறினால் மிதவை உயர்ந்து குழாயை மூடும், இறங்கினால் திறக்கும். ஹார்மோன் உலகம் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டில் நடக்கிறது. தைராய்டைப் பாருங்கள். மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, டிஎஸ்எச் என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டை வேலை செய்யச் சொல்கிறது. தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் போதுமான அளவுக்கு ஏறியதும், அதைப் பார்த்துப் பிட்யூட்டரி டிஎஸ்எச்சைக் குறைத்துக்கொள்கிறது.

முதல்முறை ரத்தப் பரிசோதனைத் தாளில் டிஎஸ்எச் கூடுதல் என்று பார்த்தபோது, தைராய்டு அதிகமாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நேர்மாறு! தைராய்டு சோம்பிக் கிடக்கிறது, அதனால் பிட்யூட்டரி தொண்டை கிழியக் கத்துகிறது என்று அர்த்தம். உணவில் அயோடின் இல்லாத பகுதிகளில் கழுத்து வீங்கி முன்கழலை வந்ததற்கும் இதுதான் காரணம். தைராக்ஸின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நான்கு அயோடின் அணுக்கள் வேண்டும். சரக்கு இல்லாமல் தைராய்டால் உற்பத்தி செய்ய முடியாது. பிட்யூட்டரியோ கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாவம், சுரப்பி வீங்குவதைத் தவிர வேறென்ன செய்யும்.

நரம்பே சுரப்பியாகும் இடம்

பிட்யூட்டரிக்கு மேலே, நாலு கிராம் எடையில், ஹைபோதலாமஸ் என்ற மூளைப் பகுதி உட்கார்ந்திருக்கிறது. உடம்பின் சூடு, பசி, தாகம், தூக்கம் எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. அங்கே உள்ள சில நியூரான்களின் வால்கள் கீழே இறங்கிப் பிட்யூட்டரியின் பின்பாதியில் முடிகின்றன. முடியும் இடத்தில் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு செல் இல்லை. ரத்தக்குழாய் இருக்கிறது! துடிப்பு வந்ததும் குப்பி நேராக ரத்தத்தில் கவிழ்கிறது. இதை நரம்பு என்பதா, சுரப்பி என்பதா?

இப்படி ரத்தத்தில் விழும் ஹார்மோன்களில் ஒன்று ஆக்ஸிடோசின். குழந்தை மார்பில் வாய் வைத்ததும் தொடு உணர்வு நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. அங்கிருந்து ஆக்ஸிடோசினாக மாறி ரத்தம் வழியே திரும்பி வந்து, பாலை வெளியே தள்ளுகிறது. போகும்போது நரம்பு, வரும்போது ஹார்மோன். குழந்தை அழும் சத்தம் கேட்டதுமே சில தாய்மார்களுக்குப் பால் சுரந்துவிடுவது இந்தப் பாதையால்தான். தொடுதலுக்குப் பதில் காது. இன்னொன்று வாசோபிரஸின். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டுகின்றன, வெளியே போவதோ ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான். மீதித் தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலையைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது வாசோபிரஸின். மது அதை அமுக்கிவிடும். குடித்தவர் அடிக்கடி எழுந்து போவதும், மறுநாள் நாக்கு வறண்டு கிடப்பதும் அதனால்தான்.

பிட்யூட்டரியின் முன்பாதிக்கு ஹைபோதலாமஸ் நரம்பை நீட்டவில்லை. மிகச் சிறிய ரத்தக்குழாய்கள் வழியே மிகக் கொஞ்சமான ஹார்மோன்களை அனுப்பிக் கட்டளையிடுகிறது. எவ்வளவு கொஞ்சம் என்றால், அவற்றைக் கண்டுபிடிக்கக் கில்லெமின் என்பவர் லட்சக்கணக்கான ஆடுகளின் ஹைபோதலாமஸையும், ஷாலி என்பவர் லட்சக்கணக்கான பன்றிகளுடையதையும் சேகரித்து அரைக்க வேண்டியிருந்தது. இருவருக்கும் இடையே கடும் போட்டி. 1969-இல் பிடிபட்ட முதல் ஹார்மோன், தைராய்டை ஏவும் பிட்யூட்டரியையே ஏவுவது. பார்த்தால் வெறும் மூன்று அமினோ அமிலங்கள் கோத்த ஒரு துணுக்கு. 1977 நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

உறவு ஒருவழி அல்ல. நரம்பு வேலை செய்யவே ஹார்மோன் வேண்டும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் ரத்தத்தின் கால்சியத்தைக் காக்கின்றன. தைராய்டு அறுவைச் சிகிச்சையில் தவறிப்போய் அவையும் அகற்றப்பட்டால் கால்சியம் விழும். நரம்புகள் யாரும் சொல்லாமலே துடிப்புகளை அனுப்பும். விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். பிறந்த குழந்தைக்குத் தைராய்டு ஹார்மோன் குறைவாக இருந்து கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சியே தடைப்படும். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதில் இந்தச் சோதனையும் ஒன்று.

ஒரு வண்டி உரசிக்கொண்டு போனால்

இனி எல்லாம் சேர்ந்து வேலை செய்வதைப் பார்ப்போம். சாலையைக் கடக்கிறீர்கள், ஒரு வண்டி உரசுவது போல வந்துவிடுகிறது. கால் நொடி ஆவதற்குள் பின்னால் துள்ளிவிடுகிறீர்கள். இது முழுக்க நரம்பு வேலை. அதே வேகத்தில், ஆபத்து நேரத்தில் உடம்பைத் தயார்படுத்தும் பரிவு நரம்புகள் இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் நேரடியாகச் சேதி சொல்லிவிடுகின்றன. அவற்றில் ஒரு கிளை சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போகிறது. அந்தச் சுரப்பியின் உள்பகுதி பிறப்பால் நரம்பு வம்சம். கருவில் பரிவு நரம்புகள் எந்தச் செல்களிலிருந்து உருவாகின்றனவோ அதே செல்களிலிருந்து வந்து, வால் முளைக்காமல் நின்றுவிட்டது. அது அட்ரினலினையும் கொஞ்சம் நார்அட்ரினலினையும் ரத்தத்தில் கொட்டுகிறது. இதயத்தின் நரம்பு முனையில் கசிவதும் அதே நார்அட்ரினலின்தான். நரம்பு முனையில் கசிந்தால் அதை நரம்புக் கடத்தி என்கிறோம். ரத்தத்தில் கலந்தால் ஹார்மோன் என்கிறோம். பொருள் மாறவில்லை, முகவரிதான் மாறியிருக்கிறது.

வண்டி போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. பயந்தாங்கொள்ளித்தனம் என்று வெட்கப்பட வேண்டாம். நரம்பு தன் சேதியை எப்போதோ நிறுத்திவிட்டது. ரத்தத்தில் விழுந்ததைத் திரும்ப அள்ள முடியாது. கல்லீரலும் மற்ற உறுப்புகளும் அதைச் சிதைக்கும்வரை சில நிமிடங்கள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் மெதுவான சேதி ஒன்று கிளம்பியிருக்கிறது. ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லி, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதிக்குச் சொல்லி, அங்கிருந்து கார்டிசால் வருகிறது. அது உச்சத்தைத் தொட 20, 30 நிமிடம் ஆகும். செலவான சர்க்கரையை ஈடுகட்டுவது, அழற்சியை அடக்குவது எல்லாம் அதன் வேலை. பிறகு அதே கார்டிசால் மேலே போய் ஹைபோதலாமஸிடமும் பிட்யூட்டரியிடமும் போதும் என்கிறது. மிதவை மூடிக்கொள்கிறது.

இந்த மிதவையை மாத்திரையாலும் மூடலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ கொடுக்கப்படும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் கார்டிசாலின் உறவுக்காரர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டால், வெளியிலிருந்து வருவதைப் பார்த்துப் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும். ஏவல் இல்லாத அட்ரினல் சுருங்கிவிடும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பில் கார்டிசாலே இருக்காது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார். தூங்கிப்போன அட்ரினல் பழையபடி விழித்துக்கொள்ள சிலருக்குப் பல மாதங்கள் பிடிக்கும்.